அம்மம்மாவின் இரண்டு கோச்சிகள்

ஜூலை 8, செவ்வாய்: கல்லோயாவுக்கு அப்பால், இருட்டில்

அம்மம்மா எனக்குச் சோறு தீத்தின காலத்தில் ஒரே கதையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லுவா. மட்டக்களப்பிலிருந்து ஒரு கோச்சி, அதுதான் ரெயின், போகும். கொழும்பிலிருந்து ஒரு கோச்சி வரும். புணானைக் காட்டுக்குள் இரண்டும் முட்டும். ஒன்றில் பொம்பிளை வீட்டார், மற்றதில் மாப்பிள்ளை வீட்டார். இரண்டு பகுதியும் நூறு நூறு சட்டி தயிர் ஏற்றிக்கொண்டு வந்திருப்பார்கள். முட்டின முட்டில் சட்டி எல்லாம் உடைந்து தண்டவாளம் நெடுகத் தயிர் ஓடும். யானைகள் வந்து குடிக்கும். ஒருத்தரும் சாகமாட்டார்கள். கலியாணம் தண்டவாளத்திலேயே நடந்து முடியும். அதற்குள் என் தட்டில் சோறும் முடிந்திருக்கும்.

முழுக்கக் கற்பனை. "நான் கட்டின கதைதான், நீ திண்டாச் சரி" என்று பின்னாளில் அவவே ஒப்புக்கொண்டா. இந்த வருடம் அதை எடுத்து, 1930களில் நடந்த ஒரு பெரிய விபத்தாக, பிணங்களோடும் விசாரணைக் கமிஷனோடும் எழுதத் தொடங்கினேன். நாற்பது பக்கம் ஓடியது. நாற்பத்தோராம் பக்கத்தில் இரண்டு கோச்சியும் எப்படி ஒரே தண்டவாளத்தில் எதிரெதிரே வந்தன என்று எழுத வேண்டும். அங்கே நின்றுபோனேன். அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன், பெரிய மாமா, இந்தப் பாதையில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து இளைப்பாறியவர். மட்டக்களப்பில் கல்லடியில் இருக்கிறார். ஃபோன் எடுத்தேன். "ஃபோனில சொல்ற விசயமில்ல மனே. வந்து கேள்" என்றார்.

அதனால் திங்கள் இரவு கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் ஏறினேன். மாகோவில் வடக்குப் பாதையை விட்டுக் கிழக்கே திரும்பியது ஞாபகம். பிறகு நித்திரை. கண் விழித்தபோது ரெயின் நின்றிருந்தது. ஸ்டேஷன் இல்லை, வெளிச்சம் இல்லை. இரண்டு பக்கமும் காடு. மின்விசிறி மட்டும் தலைக்கு மேல் கடகடவென்று சுற்றியது.

எதிரே ஒரு காத்தான்குடித் தம்பதி. புடவை வியாபாரம், கொழும்புப் பெட்டாவில் சாமான் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். "யானதான் தம்பி. பயப்படாதீங்க" என்றார் அவர், நான் ஒன்றும் கேட்காமலே. வாசல் பக்கம் நின்ற வெலிக்கந்தைப் பையன் "அலி, அலி" என்று சிரித்தபடி கையை அகல விரித்துக் காட்டினான். ஒரு யானை இல்லையாம், கூட்டமாம். டிரைவர் ஹோன் அடிக்கிறார், அவை அசையவில்லை. யாரும் சினக்கவில்லை. இந்த வருடம், 2025 பெப்ரவரியில், ஹபரணைப் பக்கம் ஒரு ரெயின் கூட்டத்துக்குள் மோதி ஆறு யானைகள் செத்ததை எல்லோரும் கண்டிருக்கிறார்கள். ஒரு மணித்தியாலம் பிந்தினால் என்ன, நிற்கட்டும் என்றுதான் பெட்டியில் பேச்சு.

அந்த அம்மா ரொட்டியும் கட்டச் சம்பலும் பொதியிலிருந்து எடுத்து, முதலில் எனக்கு நீட்டி, பிறகுதான் புருசனுக்குக் கொடுத்தா. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. சம்பல் காதுவரை எரிந்தது.

ஆனால் எனக்கு உள்ளே வேறு எரிச்சல். நாங்கள் இருட்டில் நிற்கிறோம். பின்னால் இன்னொன்று வந்தால்? அம்மம்மாவின் கதைக்குள்ளேயே ஏறி இருக்கிறேன் போலிருந்தது. மெதுவாக வியாபாரியிடம் கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "வராது. எப்பிடி வராது எண்டு எனக்குத் தெரியா. ஆனா முப்பது வருசமாப் போறன், வரல்ல" என்றார்.

இரண்டு மணித்தியாலம் நின்றோம். அதனால் ஒரு லாபம். மன்னம்பிட்டிப் பாலத்தை விடியல் வெளிச்சத்தில் பார்த்தேன். மகாவலிக்கு மேல் அந்தப் பழைய இரும்புப் பாலத்தில் ஒரு காலம் பஸ்ஸும் கோச்சியும் ஒரே வழியால் போகும். கோச்சி வந்தால் பஸ் கரையில் காத்து நிற்கும். 2007-ல் தெருவுக்கு வேறு பாலம் போட்டுவிட்டார்கள். இப்போது இரும்புப் பாலம் ரெயினுக்கு மட்டும். புணானை வர நன்றாக வெளித்துவிட்டது. 1924-ல் ஆட்களைத் தின்ற சிறுத்தை ஒன்றைச் சுட்டு வீழ்த்திய ஊர். வியாபாரி அதை நேற்று நடந்ததுபோலச் சொன்னார். பாதை மட்டக்களப்பைத் தொட்டது 1928-ல். அப்போது அம்மம்மாவுக்கு ஆறு வயது.

வாழைச்சேனையில் கச்சான் விற்கிற பொடியன் ஏறினான், சுருள் நூறு ரூபா. அவனோடு கச்சான் காற்றும் ஏறியது. வறுத்த கடலைக்கும் வறுத்தெடுக்கிற காற்றுக்கும் ஒரே பேர் வைத்த ஊர் இது. காலை ஏழரைக்கே முகத்தில் அடுப்பைத் திறந்த மாதிரி.

மாமா வீட்டுக்குக் காலையிலேயே போய் நிற்கக் கூச்சமாக இருந்து, வாவியோரம் ஒரு விடுதியில் அறை எடுத்தேன். நாலாயிரத்து ஐந்நூறு. வாவி தெரிந்தது, குழாயில் தண்ணி தெரியவில்லை. தாங்கி காலியாம். வாளியில் கொண்டுவந்து தந்த பொடியன், "கச்சான் முடியுமட்டும் இப்பிடித்தான் சேர்" என்றான், காற்றுத்தான் தாங்கியைக் குடித்துவிட்டது போல.

ஜூலை 9, புதன்: சோடா மூடியும் இறால் பொதியும்

"வீடு இரிக்கக் கூலி குடுத்துப் படுத்தயா?" என்பதுதான் மாமாவின் முதல் வார்த்தை. சுகம் விசாரித்தது அதற்குப் பிறகு. மாமி களுவாஞ்சிக்குடியில் மகள் வீட்டுக்குப் போயிருந்தா. ஆகவே மத்தியானச் சாப்பாடு கடையில். "எனக்கு மரக்கறி. கதிர்காமத் தீர்த்தம் முடியுமட்டும் மச்சமில்ல. நீ உனக்கு விருப்பமானத எடு."

கடையில் பன்னிரண்டு மணிச் சனம். "ஒரு மரக்கறி, ஒரு மீன்" என்று சத்தமாகத்தான் சொன்னேன். கல்லாவில் காசு கொடுத்தேன். பக்கத்தில் ஒருத்தர் மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலே ஏதோ கத்தினார். உள்ளிருந்து ஒரு கை பையை நீட்டியது. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மாமா வீட்டு மேசையில் பொதியைப் பிரித்தால் இரண்டும் இறால்.

நான் கடைக்குத் திரும்ப எழும்பினேன். மாமா இருந்த இடத்திலேயே இருந்து, தோள் குலுங்கச் சிரித்தார். "இரி மனே, இரி. நீ வந்த வேலை முடிஞ்சிது. உன்ட ரெண்டு கோச்சியும் முட்டின இதாலதான்."

சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டு, அலுமாரியிலிருந்து இரண்டு பிஸ்கட் தகரம் எடுத்து மேசையின் இரு பக்கமும் வைத்தார். ஒன்று வாழைச்சேனை, மற்றது புணானை. நடுவில் மாமியின் தாவணித் துண்டு ஒன்றை நீட்டாக விரித்தார். அதுதான் ஒற்றைப் பாதை. ஒவ்வொரு தகரத்திலும் ஐந்து சோடா மூடி.

"இதுதான் டேப்லட். உண்மையில வட்டத் தகடு, ரெண்டு ஸ்டேஷன்ட பேரும் அதில வெட்டியிரிக்கும். இந்தத் தகடு கையில இல்லாம டிரைவர் இந்தத் துண்டுக்குள்ள காலடி வைக்க ஏலா. சிக்னல் விழுந்தாலும் ஏலா. விளங்குதா?"

விளங்கியது.

"இப்ப இஞ்சயிரிந்து கோச்சி போகணும். நான் நினைச்சபடி மூடிய எடுக்க ஏலா, பெட்டி பூட்டு. மணியடிச்சுப் புணானையக் கேக்கணும்." தேத்தண்ணிக் கோப்பையைக் கரண்டியால் தட்டினார். "அவன் அங்கால தன்ட முளைய அமத்திப் பிடிச்சாத்தான் என்ட பெட்டியில ஒரு மூடி விழும். ஒண்டு வெளிய வந்திட்டா ரெண்டு பெட்டியும் பூட்டு. அத இதுக்குள்ளயோ அதுக்குள்ளயோ திரும்பப் போடுமட்டும் ரெண்டாவது மூடி வராது. தலைகீழா நிண்டாலும் வராது."

அம்மம்மாவின் கதையை அவரும் கேட்டு வளர்ந்தவர்தான். அதற்குப் பல பதிப்பு. ஒரு பதிப்பில் யானைதான் காரணம். முதல் கோச்சி யானைக்காக நிற்கும், பின்னால் வந்தது இடிக்கும். இன்னொன்றில் ஸ்டேஷன் மாஸ்டர் வடமோடிக் கூத்துப் பார்க்கப் போய் விடிய விடிய இருந்துவிடுவார். மாமா இரண்டையும் மேசையில் வைத்தே உடைத்தார்.

யானைப் பதிப்பு: நேற்று இரவு நீ இருட்டில் நின்றபோது அந்தத் துண்டுக்குரிய தகடு உன் டிரைவரிடம் இருந்தது. ஆகவே முன்னாலும் ஒன்றும் வர முடியாது, பின்னாலும் வர முடியாது. தகடு இல்லாத வேறு முறைப் பாதையில் அது நடக்கும், நடந்தும் இருக்கிறது. இந்தியாவில் பிரோசாபாத்துக்குப் பக்கத்தில் 1995 ஓகஸ்டில் ஒரு எக்ஸ்பிரஸ் காட்டு மாடொன்றில் அடிபட்டு நின்றது. பாதை காலி என்று நினைத்து அடுத்த எக்ஸ்பிரஸ்ஸை விட்டார்கள். 300-க்கும் மேல் ஆட்கள். "யானைக்குப் பதிலா மாடு. உன்ட அம்மம்மா ஒரு மிருகத்தத்தான் மாத்திச் சொல்லியிரிக்கா."

கூத்துப் பதிப்புக்கு அவர் அதிக நேரம் எடுக்கவில்லை. "ஸ்டேஷன் மாஸ்டர் கூத்துக்குப் போனா மணிக்கு மறுமொழி இல்ல. மறுமொழி இல்லாட்டித் தகடு இல்ல. தகடு இல்லாட்டிக் கோச்சி நிக்கும். சனம் ஏசும். அவ்வளவுதான். இல்லாத ஆளால ஒண்டும் நடக்காது மனே. இரிக்கிற ஆள்தான் ஆபத்து. அதிலயும் நாலு பேர் இரிந்து, நாலு பேரும் அவசரப்பட்டா."

பிறகு இறால் பொதியைக் கையில் எடுத்தார். அவருக்குப் படிப்பித்த ஒரு பழைய இன்ஸ்பெக்டர் சொன்ன கதை இது என்றார். 1921 ஜனவரி 26. வேல்ஸ் நாட்டில் அபர்மியூல் என்றொரு சின்ன ஸ்டேஷன். ஒற்றைப் பாதை, இதே டேப்லட் மெசின், மெசினில் ஒரு குறையும் இல்லை. ஒரு பக்கத்திலிருந்து ஊர்ப் பயணிகள் வண்டி வந்து நிற்கிறது. எதிர்ப்பக்கமிருந்து எக்ஸ்பிரஸ் வந்துகொண்டிருக்கிறது, இரண்டும் இங்கேதான் மாற வேண்டும். ஊர் வண்டி டிரைவர் தான் வந்த துண்டின் தகட்டைக் கொடுக்கிறார். ஒரு பொடியன் வாங்குகிறான். வாங்கியவன் அதைக் கொண்டுபோய்ப் பெட்டியில் போட வேண்டும். போடவில்லை. வழியில் நின்ற ஸ்டேஷன் மாஸ்டரின் கையில் கொடுக்கிறான். அவர் அன்று பதில் வேலைக்கு வந்தவர். இது அடுத்த துண்டுக்குரிய தகடு, பொடியன் மாற்றி எடுத்துவிட்டான் என்று அவர் நினைக்கிறார். அதே தகட்டை அதே டிரைவரிடம் திருப்பிக் கொடுக்கிறார். டிரைவரும் பார்க்கவில்லை. ஒரு மைல் தூரத்தில் எக்ஸ்பிரஸ். 17 பேர் செத்தார்கள். அதில் ஒருத்தர் அந்தக் கம்பனியின் டைரக்டர்.

"தகட்டில பேர் வெட்டியிரிந்தது. இங்கிலீஷில, பெரிய எழுத்தில. உன்ட பொதியில மேல எழுதியிரிந்ததா?"

பையைத் திருப்பிப் பார்த்தேன். கடதாசியில் நீலப் பேனையால் 'இ 2' என்று எழுதியிருந்தது.

மாமா வெறுஞ்சோற்றில் தயிரை ஊற்றி, மாமியின் எலுமிச்சை ஊறுகாயோடு சாப்பிட்டார். இரண்டு பொதி இறாலும் என் தலையில். நல்ல இறால், தேங்காய்ப்பால் விட்டுப் பிரட்டல். குற்ற உணர்ச்சியோடு சாப்பிட்டாலும் ருசி குறையவில்லை. கல்லடியில் எங்கோ ஒருத்தர் எங்கள் மரக்கறியைப் பிரித்துவிட்டு என்னைத் திட்டியிருப்பார்.

ஜூலை 10, வியாழன்: போயா, பாலம், மீன்

விடுதியைக் காலி செய்துவிட்டு மாமா வீட்டுக்கே வந்துவிட்டேன். மாமியும் வந்துவிட்டா. போயா, பௌர்ணமி விடுமுறை, என்பதால் இறைச்சிக் கடை பூட்டு. மாமிக்கு அது ஒரு பொருட்டல்ல. காலை இடியப்பம், சொதி, எனக்கு மட்டும் செப்பலி மீன் பொரியல். மத்தியானம் வெளியே தலைகாட்ட முடியவில்லை. கூரைத் தகரம் காற்றில் அடித்துக்கொண்டே கிடந்தது.

நிலவு ஏறியபிறகு கல்லடிப் பாலத்துக்கு நடந்தோம். மீன்பாடும் தேன்நாட்டுக்கு வந்து, பறுவத்தன்று பாலத்துக்குப் போகாமல் திரும்பினால் கொழும்பில் யாரும் மதிக்கமாட்டார்கள். 1924-ல் திறந்த பழைய இரும்புப் பாலம் இப்போது காற்று வாங்குகிறவர்களுக்கு. வாகனங்கள் பக்கத்தில் 2013-ல் வந்த புதுப் பாலத்தால் போகின்றன. கச்சான் விற்கிறவர்கள், பட்டம் விடுகிற பிள்ளைகள், கையடக்கத் தொலைபேசியில் பாட்டுப் போட்டுக்கொண்டு மீனின் பாட்டைக் கேட்க வந்த பொடியன்கள்.

இரண்டு நாளாக ஒரு கேள்வியை வைத்துக்கொண்டிருந்தேன். "மாமா, மெசின் பழுதாப் போனா?"

அவர் கைப்பிடியில் சாய்ந்து நின்றார். "இதுதான் நீ முதலாவதாக் கேட்டிரிக்கணும்."

மெசின் பழுதானால் கடதாசி. ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் செய்தி அனுப்பி, மறுமொழி வாங்கி, எழுதி, ஒப்பம் வைத்து டிரைவர் கையில் கொடுப்பது. கடதாசிக்குப் பூட்டு இல்லை. அங்கேதான் மனிசனின் ஒப்பம் பூட்டாக நிற்கிறது. டேப்லட் வந்ததே ஒரு ஒப்பம் விழாததால்தான் என்றார். 1874 செப்டெம்பர் 10, இங்கிலாந்தில் நோர்விச் பக்கம் தோர்ப் என்ற இடம். இரவு, மழை. ஒற்றைப் பாதை. எதிர்ப்பக்க மெயிலை வரச்சொல்லித் தந்தி போய்விட்டது. தந்தியில் அதிகாரியின் ஒப்பம் இல்லாமலே போனது. இங்கே எக்ஸ்பிரஸ்ஸையும் விட்டுவிட்டார்கள். விட்டபிறகு தந்தி விசயம் தெரிகிறது. மெயிலை நிறுத்து என்று அடிக்கிறார்கள். மெயில் வெளிக்கிட்டுவிட்டது என்று மறுமொழி.

"மறுகா?"

"மறுகா என்ன, இனி ஒண்டும் செய்ய ஏலா. ரெண்டும் துண்டுக்குள்ள. நிண்ட ஆக்கள் சத்தம் வருமட்டும் காத்துக்கொண்டு நிண்டிரிப்பாங்க."

25 பேர் செத்தார்கள். நாலு வருடத்துக்குப் பிறகு, 1878-ல், எட்வர்ட் டயர் என்பவர் இந்த மெசினுக்கு உரிமம் எடுத்தார். அந்தக் காத்திருப்பைப் பற்றி மாமா சொன்னபோது என் நாற்பத்தோராம் பக்கம் எனக்கு வந்துவிட்டது. மோதலை எழுதத் தேவையில்லை. செய்தி எட்டாது என்று தெரிந்த ஒருத்தன், மணியண்டை நிற்கிறான். அதைத்தான் எழுத வேண்டும்.

மாமா அதற்கு மேல் அதைப் பேசவில்லை. கடல் பக்கம் முகத்தைத் திருப்பினார். கல்லடியில் கடல் என்றால் 2004 டிசம்பர் 26. இந்தக் கரையில் எத்தனை வீடு போனது என்று இங்கே யாரிடமும் கேட்கத் தேவையில்லை, அவர்களே வாய் திறந்தால் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அவர் சொன்னது தெற்கைப் பற்றி. அதே காலை பெரலியவில் நின்றிருந்த ரெயினைக் கடல் எடுத்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். அந்த வண்டியை நிறுத்தச் சொல்ல ஸ்டேஷன்களுக்கு எடுத்த முயற்சி எட்டவில்லை. "2011-ல அலவ்வயில ஒண்டுக்குப் பின்னால ஒண்டு இடிச்சிது. 2014-ல பொத்துஹெரவில நேருக்கு நேர், நல்லகாலம் காயத்தோட போச்சு. எல்லாத்துக்கும் விசாரிக்க ஆள் இரிந்தது. கடல ஆர் விசாரிக்கிற?"

கொஞ்ச நேரம் கச்சான் தின்றோம்.

மீனைக் கேட்க வள்ளக்காரர் ஆயிரத்து ஐந்நூறு கேட்டார், மாமா ஆயிரத்துக்கு இறக்கினார். நடு வாவியில் எஞ்சினை நிறுத்தி, துடுப்பைத் தண்ணிக்குள் விட்டு, மேல்நுனியில் காதை வை என்றார். வைத்தேன். கம்பியை விரலால் மெல்ல நெருடினமாதிரி ஒன்று, விட்டு விட்டு. மீனாக இருக்கலாம். கரையில் ஏதோ ஹோட்டலின் ஜெனரேட்டராகவும் இருக்கலாம். வள்ளக்காரர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "கேட்டது" என்றேன். அவருக்கும் சந்தோசம், எனக்கும் ஆயிரம் ரூபா வீண் போகவில்லை.

ஜூலை 11, வெள்ளி: நடக்காத விபத்து நடந்த இடம்

இன்று வாழைச்சேனை வரை போய், பாசிக்குடாவில் கால் நனைத்துவிட்டு வரலாம் என்று பஸ் ஏறினேன். யன்னலோரம், சூடு, முந்தின இரவு நித்திரை குறைவு. வாழைச்சேனையும் ஓட்டமாவடியும் எனக்குத் தெரியாமலே கடந்துபோயின. கொண்டக்டர் தட்டி எழுப்பி, "அண்ணன், டிக்கட் முடிஞ்சிது. பொலன்னறுவைக்கா போறீங்க?" என்றபோது புணானை. மிச்சக் காசு கேட்காமல் இறக்கிவிட்டார். அந்த மரியாதைக்கு நன்றி சொல்ல முன்னமே பஸ் புழுதியோடு போய்விட்டது.

வந்ததே வந்தோம் என்று தெருவோரத் தேத்தண்ணிக் கடைக்குள் நுழைந்தேன். பால் தேத்தண்ணி நூறு. சுவரோரம் ஒரு பெரியவர், தொப்பி போட்டவர், எங்கேயிருந்து வந்தது, ஏன் வந்தது என்று வரிசையாக விசாரித்தார். சொன்னேன். அம்மம்மா கதை, இரண்டு கோச்சி, புணானைக் காடு என்று விளக்கத் தொடங்கினேன். பாதிக் கதையிலேயே அவர் தலையை ஆட்டத் தொடங்கிவிட்டார்.

"ஓம் ஓம் தம்பி. என்ட வாப்பா சொல்லுவாரு. அந்தா அந்த வளைவிலதான்."

"இல்ல ஐயா, இது நடந்ததில்ல. அம்மம்மா கட்டின கதை."

"உங்கட அம்மம்மாக்கு ஆரோ சொல்லித்தானே இரிக்கும்?" என்று ஒரே போடாகப் போட்டார். கடைக்காரரும் சேர்ந்துகொண்டார். எந்தக் கோச்சி முதலில் வந்தது என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு. செத்த ஆட்களின் கணக்கைப் பெரியவர் சொன்னார், கடைக்காரர் அதைக் கூட்டினார். நான் தேத்தண்ணி குடித்து முடிக்குமுன் விபத்துக்கு ஒரு மாதமும், மழையும், ஒரு வெள்ளைக்கார டிரைவரும் கிடைத்துவிட்டார்கள். தயிரைப் பற்றி மட்டும் ஒருத்தரும் சொல்லவில்லை.

பெரியவர் என்னைக் கூட்டிக்கொண்டு போய் அந்த வளைவைக் காட்டினார். முட்புதர், சூடேறிய சரளைக் கல், இரண்டு கோடு தண்டவாளம். ஐந்தடி ஆறங்குலம் அகலம், நடுவில் ஒரு ஆட்டுக்குட்டி. வளைவென்று சொல்லவும் முடியாது, லேசான நெளிவு. அவர் கையை நீட்டி நின்ற நிலையில் எனக்கு மறுக்க மனம் வரவில்லை. படம்கூட எடுத்துக்கொண்டேன். திரும்பி வந்ததும் தேத்தண்ணிக் காசை அவர் கொடுத்திருந்தார். "நம்மட ஊருக்கு விசயம் தேடி வந்த ஆள்" என்றாராம்.

பாசிக்குடாவுக்கு நேரம் போதவில்லை. திரும்பும் வழியில் ஏறாவூரில் இறங்கித் தயிர் வாங்கினேன். எருமைத் தயிர், சட்டி அறுநூறு, இரண்டு சட்டி. வாழையிலை போட்டு, பழைய பேப்பர் சுற்றி, கயிற்றால் உறி மாதிரிக் கட்டித் தந்தார்கள். கடைக்காரப் பெண்பிள்ளை கட்டுமுன் ஒவ்வொரு சட்டியையும் தூக்கி அடியைப் பார்த்தா. நானும் குனிந்து பார்த்தேன். இந்த மூன்று நாளில் வந்த பழக்கம்.

இரவு மாமாவிடம் புணானையில் நடந்ததைச் சொன்னேன். மாமி விழுந்து விழுந்து சிரித்தா. மாமா சிரிக்கவில்லை. "எழுதேக்க அந்த வளைவ வைக்காத. அதில நல்லாத் தூரத்துக்குத் தெரியும். டிரைவர் கண்டிரிப்பான்" என்றார்.

ஜூலை 12, சனி: திரும்பும் வழி

காலை வண்டி. மாமா ஸ்டேஷனுக்கு வந்தார், வெள்ளைச் சேர்ட், பொக்கெட்டில் பேனை. இளைப்பாறிய ஆள் என்று சொல்ல முடியாது. வண்டி வெளிக்கிடும்வரை என்னோடு நின்றதைவிட எஞ்சின் பக்கம் நின்றதுதான் அதிகம். மாமி கட்டித் தந்தது பிட்டும் முட்டைப் பொரியலும். ஏறாவூர் தாண்ட முன்பே தீர்ந்துபோயிற்று.

ஒரு சின்ன ஸ்டேஷனில் வேகம் குறைந்தது. பிளாட்பாரத்தில் ஒருத்தர் பெரிய வளையத்தைத் தோளுயரத்துக்குப் பிடித்துக்கொண்டு நின்றார். வளையத்தில் தோல் பை, பைக்குள் தகடு. இதைப் பார்க்கத்தான் முன் பெட்டியில் யன்னலோரம் பிடித்து, கழுத்தை வெளியே போட்டுக்கொண்டு வந்தேன். எஞ்சினிலிருந்து ஒரு கை நீண்டது. பழைய வளையம் கீழே விழுந்தது, புதியது மேலே போனது. கை உள்ளே போனது. இனி அவர் பையைத் திறந்து பேரைப் பார்க்கிறாரா என்று பார்க்க வேண்டும்.

அந்த நேரம் தொடையில் குளிர்ந்தது. ஒரு சட்டி கசிகிறது. அடியைப் பார்த்தோம், விளிம்பைப் பார்க்கவில்லை. பேப்பர் நனைந்து, காற்சட்டை நனைந்து, இருக்கை நனைந்து, பக்கத்திலிருந்த ஆசிரியை ஒருத்தியின் சேலைத் தலைப்பைத் தேடிப் போய்க்கொண்டிருந்தது. அவ ஏசவில்லை. கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கரண்டி எடுத்து நீட்டினா. "வழியிறத அள்ளிச் சாப்பிடுங்க தம்பி, சட்டி பாரம் குறைஞ்சா நிண்டிரும்." எதிர் இருக்கைப் பிள்ளைகள் இரண்டு, அவர்களின் தகப்பன், நான், ஆசிரியை. ஒரு கரண்டி மாறி மாறிப் போனது. ஆசிரியை சீனியும் வைத்திருந்தா. எப்படிப்பட்ட கைப்பை அது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. மன்னம்பிட்டிப் பாலத்தில் சட்டி பாதியானது. கசிவு நின்றது.

மத்தியானம் போல ஒரு ஸ்டேஷனில் பக்கப் பாதையில் ஒதுக்கினார்கள். எதிர்வண்டி வரவேண்டுமாம். காற்றில்லை, மின்விசிறியும் நின்றுவிட்டது. செவ்விளநீர் நூற்றைம்பது. கால் மணித்தியாலத்தில் தூரத்தில் சத்தம் கேட்டு, கொழும்பிலிருந்து வந்த கோச்சி எங்கள் பக்கத்தில் ஊர்ந்து வந்து நின்றது. யன்னலுக்கு யன்னல் கை எட்டும் தூரம். எதிர் யன்னலில் ஒரு பெடியன், கைக்குழந்தையோடு. என் மடியிலிருந்த சட்டியையும் காற்சட்டையையும் பார்த்தான்.

"அண்ணன், அங்கால யானை நிக்குதா?"

"இல்ல. உங்கட பக்கம்?"

"நிண்டது. போயிற்று."

அவர்களின் வண்டி முதலில் நகர்ந்தது.